துணி மூடியிருந்த இரண்டாவது மானிட்டர்

போன வாரம், நம் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் எனக்குப் போன் செய்தாள்.

"சார், ஒரு கஸ்டமர் ரெண்டாவது மானிட்டர் மாட்டுனதும் ஸ்கிரீன் அப்டியே நின்னுடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாப் போச்சு. ஆனா மறுபடியும் வருது. இன்னா பண்ணலாம் சார்?"

நான் ஒன்றுதான் கேட்டேன். "ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, அவரு அதுல இன்னா வேல செஞ்சிக்கினு இருந்தாருன்னு கேட்டியாம்மா?"

"இல்ல சார்" என்றாள்.

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று நம் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன். அதே காரியத்தை நானும் செய்தவன். அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை என்பதால் உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். கேபிள், கார்டு, டிரைவர் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர் மாட்டலாம் என்பதே அப்போது காஞ்சிபுரத்தில் புதுச் செய்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எனக்குச் சின்ன கடை. மொபெட்டில் டூல் பையை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவேன். அந்த நாட்களுக்கு இப்போது ஏங்குகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மெஷின் மேல் ஏக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து மெஷின்களைப் போல மட்டமானவற்றை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். போன இடத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லுவார்களே, அந்த ஆட்கள் மேல்தான் ஏக்கம். நீங்கள் ரிமோட்டில் உள்ளே போய் ரிமோட்டிலேயே வெளியே வந்துவிடுகிறீர்கள். யார் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை.

நான் சொல்லப்போகிற இடம் ஒரு பட்டுப் புடவைக் கடை. அங்கே டிசைன் போடுகிறவரை எல்லாரும் கிராஃப் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளையார்பாளையத்துக்காரர். கட்டம் போட்ட தாளில் இழைக்கு ஒரு புள்ளியாகப் பென்சிலால் வைத்துக்கொண்டிருந்தவர், கம்ப்யூட்டர் வந்ததும் ஒரே மாதத்தில் அதற்கு மாறிவிட்டார். மௌஸையும் பென்சில் பிடிக்கிற மாதிரி மூன்று விரலால்தான் பிடிப்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரு புள்ளி தப்பாது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருந்தாலும் அவர் என்னை சார் என்பார், நான் அவரை அம்மா என்பேன்.

கல்யாணப் புடவை சொல்ல வருகிறவர்கள் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று ஏழெட்டுப் பேராக வருவார்கள். அத்தனை தலையும் கிராஃப் அம்மாவின் சின்ன அறைக்குள் நுழைந்து ஒரே மானிட்டரை எட்டிப் பார்க்கும். அதனால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கூடத்தில் பாய் விரித்திருக்கும் இடத்தைப் பார்த்த மாதிரி இரண்டாவது மானிட்டர் ஒன்று வைக்கச் சொன்னார். அறையில் இருப்பதில் கிராஃப் அம்மா கட்டம் கட்டமாக வேலை செய்வார். கூடத்தில் இருப்பதில் முழுப் புடவையும் கலரோடு தெரியும். கம்ப்யூட்டருக்குள் இரண்டாவது மானிட்டருக்காக ஒரு புது கார்டு போட்டு, சுவரில் ஓட்டை போட்டுக் கேபிளைக் கொண்டுபோய் மாட்டினேன். வேலை செய்தது. முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். நானும் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவையின் டிசைனைக் கல்யாணப் பெண்தான் முதலில் பார்க்க வேண்டும். அறையில் தெரியும் கட்டங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முழுப் புடவையாகத் தெரிவதை மட்டும் பெண் வரும்வரை யார் கண்ணிலும் காட்ட மாட்டார்கள். அதற்காக முதலாளி கூடத்து மானிட்டரின் மேல் ஒரு மஞ்சள் துணியைப் போர்த்தி, குங்குமமும் வைத்துவிட்டார்.

"சார், சூடாயிடும்" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுபா. பொண்ணு வந்து அவ கையால எடுக்கட்டும்."

மானிட்டரை அணைத்தாவது வைத்திருக்கலாம். ஆனால் அணைத்தால் செட்டிங் மாறிவிடும், தொடாதீர்கள் என்று மாட்டும்போதே நானேதான் பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்குக் கடையிலிருந்து போன். கம்ப்யூட்டர் அசையாமல் நிற்கிறதாம். போனேன். கிராஃப் அம்மாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், காக்கிச் சட்டை போட்டிருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். திருமுக்கூடல் பக்கத்துக்காரர், பஸ் டிரைவர் என்று முதலாளி சொன்னார். நான் அவரைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. மௌஸை எடுத்து இரண்டு தரம் கிளிக் செய்தேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்கிரீனில் ஒன்றும் மாறவில்லை. புது கார்டு மாட்டிக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டி ரீசெட் பட்டனை அழுத்தினேன்.

வந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"சார், இன்னா செஞ்சீங்க?" என்றார் கிராஃப் அம்மா.

"கார்டு சிக்கிக்கினு இருந்துதும்மா. இப்ப வந்துடும்."

"இன்னும் சேவ் ஆவலயே சார். சேவ் குடுக்கும்போதுதான நின்னுச்சு. எட்டு மணிலேர்ந்து போட்டது."

டிரைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போச்சுதாம்மா?" என்றார். அவர் என் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என்ன போனது என்று கிராஃப் அம்மாதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். டிரைவரின் மனைவி, மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அந்த அம்மாவின் முகூர்த்தப் புடவையைப் பழைய பட்டு வாங்கி ஜரிகையை உருக்குகிறவரிடம் இவர் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாணப் போட்டோ மட்டும். இப்போது மகளுக்குக் கல்யாணம். வேறு எதுவும் வேண்டாம், அம்மா கட்டிய புடவை மாதிரியே நெய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கலர் போட்டோவில் இல்லை, கரையும் அதில் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் இவர் ஞாபகத்தில்தான் இருந்தது. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு டிப்போவிலிருந்து நேராக வந்து, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி வரையவைத்திருக்கிறார். மறுநாள் காலையில் நூல் சாயத்துக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் தறியில் ஏற்றிக் கல்யாணத்துக்குள் நெய்து அறுத்தெடுக்க முடியாது. மகள் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

நான் அழித்தது ஒரு ஃபைலை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கிராஃப் அம்மா முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "மறுபடியும் ஆரம்பிக்கலாம்ணா."

"மொதல்ல இன்னா சொன்னேன்னே ஞாபகம் இல்லம்மா. தலயே சுத்துது."

"சொன்னத வுடுங்க. அவங்க அந்தப் பொடவைய கட்டிக்கினு எங்க போவாங்க? நீங்க எங்க பாத்தீங்க?"

"சைக்கிள்ல" என்றார் டிரைவர். "கோயிலுக்குப் போனா அதத்தான் கட்டுவா. பின்னாடி உக்காந்துக்கினு வருவா. கரை சக்கரத்துல மாட்டிக்கும்னு கையில தூக்கிப் புடிச்சிக்கினு இருப்பா. நான் திரும்பித் திரும்பி அதத்தான் பாப்பேன். ரோட்டப் பாரு, ரோட்டப் பாருன்னு முதுவுல அடிப்பா."

சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "ருத்ராட்சம்னு சொன்னேன் இல்லம்மா, அது தப்பு" என்றார். "போட்டோல புள்ளி புள்ளியா இருந்துதா, அத வச்சி சொல்ட்டேன். அது அன்னம்மா. சின்னச் சின்ன அன்னம். எல்லாம் ஒரே பக்கமாப் போவும். பச்சைக் கரைன்னு சொன்னேனே, அதுவும் இல்ல. வெயில்ல பச்சையா இருக்கும், மரத்து நெழலு வந்துதுன்னா நீலமாத் தெரியும்."

"மயில் கழுத்து" என்றார் கிராஃப் அம்மா.

"அதான். அதான்மா."

அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் தன் மனைவியை இழை இழையாக ஞாபகப்படுத்திச் சொல்ல, இன்னொருவர் அதைப் புள்ளி புள்ளியாக வைத்ததை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் அதுபோல ஒரு காலையை நான் மறுபடியும் பார்க்கவில்லை.

நான் அழித்ததால்தான் சரியான டிசைன் கிடைத்தது என்று கிராஃப் அம்மாவே பின்னால் ஒரு நாள் எனக்குச் சமாதானம் சொன்னார். அதையெல்லாம் நம்பாதீர்கள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதால் கிடைத்தது. கோபித்துக்கொண்டு அவர் எழுந்து போயிருந்தால் என் கதி என்ன, டிரைவரின் கதி என்ன?

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வட்டாரத்தில் அது சகஜம். யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி, அதன் தலையில் இரண்டு கனத்த மானிட்டர்கள். பத்து நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். டிசைனும் முடிகிற நேரம்தான். "சேவ் பண்ணுங்கம்மா" என்றேன். பண்ணினார்.

மறுபடியும் நின்றுவிட்டது.

முதலாளி கூடத்திலிருந்து ஓடி வந்தார். "இன்னாபா இது, மறுபடியுமா? அந்தப் பட்டன அமுக்கு, சட்டுனு அமுக்கு."

கிராஃப் அம்மா ரீசெட் பட்டனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இந்தவாட்டி வுடமாட்டேன் சார். என் கைய வெட்டிட்டுத்தான் அமுக்கணும்."

யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுத ஆரம்பித்ததே இந்த இடத்துக்காகத்தான். அந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். எதையாவது பிடுங்கலாம், எதையாவது அழுத்தலாம் என்று தோன்றும். கையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். அரை நிமிஷம் போதும்.

மௌஸை ஒருதரம் கிளிக் செய்தேன். டங். காலையிலும் இதே சத்தம்தான் வந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை. முழுதாகச் செத்த மெஷின் டங் என்று பதில் சொல்லாது. மௌஸை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினேன். அம்பு ஓரத்துக்குப் போய், ஸ்கிரீனைத் தாண்டி மறைந்தது. இடப்பக்கம் இழுத்தேன், திரும்பி வந்தது. மெஷின் உயிரோடுதான் இருந்தது. எங்களுக்குத் தெரியாத இடத்தில் எதையோ கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. அந்த இடம் எது என்று அப்போது புரிந்தது.

"சார், கூடத்து மானிட்டர்ல துணிய எடுக்கணும்" என்றேன்.

"முடியாதுபா. பொண்ணு வரட்டும்."

"பேட்டரி தாங்காது சார்."

"துணிய எடுக்காம எதனா பண்ணு. அதுக்குத்தான உன்னக் கூப்புட்டேன்."

என்டரைத் தட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் என்ன கேட்கிறது என்று தெரியாமல் ஆமாம் என்று எப்படிச் சொல்வது? அழிக்கவா என்று கேட்டிருந்தால்? கேபிளைப் பிடுங்கலாம். கார்டு அதிர்ந்து நிஜமாகவே நின்றுவிட்டால் இரண்டாவது தரமும் போச்சு. மூன்றாவது தரம் டிரைவரைச் சொல்லச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவரே ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"நான் எடுக்கறேன் மொதலாளி."

"இல்லண்ணா, கல்யாணப் பொண்ணுதான் மொதல்ல பாக்கணும். அது வழக்கம்."

"எம் பொண்டாட்டி பொடவைய நான் பாக்கறதுக்கு நேரம் காலம் வேணுமா?"

முதலாளி வழிவிட்டு நகர்ந்தார். டிரைவர் கூடத்துக்குப் போய்த் துணியைத் தூக்கினார். நானும் பின்னாலேயே போனேன். மானிட்டரில் முழுப் புடவையும் விரிந்திருந்தது. அரக்கு உடம்பு, மயில் கழுத்துக் கரை, ஒரே பக்கமாகப் போகும் அன்னங்கள். அதன் நடுவில் ஒரு சின்னச் சாம்பல் பெட்டி. 'முகூர்த்தம் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அதன் மேல் எழுதவா?' என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு நின்றது.

அந்த ஃபைல் என்னுடையது. முதல் நாள் முதலாளிக்கு வித்தை காட்டுவதற்காக அந்தப் பெயரில் ஒரு காலி ஃபைலைப் போட்டு, "பாருங்க சார், கேள்வி கேக்கற பெட்டிகூட அந்தப் பக்கம் போவுது" என்று கூடத்து மானிட்டருக்கு இழுத்துக் காட்டியவன் நான்தான். முகூர்த்தப் புடவை என்பதால் கிராஃப் அம்மாவும் அதே பெயரைத்தான் கொடுத்திருக்கிறார். அந்த சாஃப்ட்வேர் இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அங்கேயே கேட்டுக்கொண்டிருந்தது. கார்டில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு மொபெட்டில் வந்து இறங்கியிருந்தது.

நான் கூடத்தில் நின்று சொல்லச் சொல்ல, உள்ளே கிராஃப் அம்மா மௌஸை நகர்த்தினார். ஆமாம் என்ற இடத்தில் அம்பு வந்ததும் "அமுக்குங்க" என்றேன். பெட்டி மறைந்தது. சேவ் ஆகிவிட்டது. யூபிஎஸ் விடாமல் அலறியது. "ஆஃப் பண்ணுங்கம்மா, ஒழுங்கா ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினேன். புடவை மறைந்து மானிட்டர் இருண்டது. பத்து எண்ணுகிற நேரம்கூட அது டிரைவரின் கண்ணில் பட்டிருக்காது. கையில் துணியோடு அவர் அந்த இருட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது. துணியை மறுபடியும் போர்த்திவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டு டிசைனைத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் மகள் தன் சித்தியோடு வந்து சேர்ந்தாள். முதலாளி சொன்னபடி அவள் கையாலேயே துணியை எடுத்தாள்.

"இதத்தான் அம்மா கட்டிக்கினு இருந்தாங்களாப்பா?"

"இதான்மா."

கிட்டே போய் ஒரு அன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். சின்ன வயசு, எதிரே கல்யாணம். சீக்கிரமே சித்தியோடு ஜாக்கெட்டைப் பற்றியும் மற்றப் புடவைகளைப் பற்றியும் பேசிக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. டிரைவர் மட்டும் மானிட்டரைப் பார்த்தபடி பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் அடுத்த கல்யாண வீட்டார் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டு இருந்தார்கள். முதலாளி அறைப் பக்கம் திரும்பி, "அடுத்த பார்ட்டி வந்துட்டாங்கம்மா. இத மூடிட்டு அவங்களுத எடுங்க" என்றார்.

டிரைவர் எழுந்தார். இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்கவில்லை. நேரத்துக்கு வண்டி எடுத்துப் பழகிய மனுஷன். ஆனால் எழுந்தவர் நகரவும் இல்லை. அறை வாசல் வழியாகக் கிராஃப் அம்மா என்னைப் பார்த்தார்.

"சார், மறுபடியும் நின்னுடுச்சு" என்றேன்.

"இன்னாபா, இப்பதான சரி பண்ணிட்டேன்னு சொன்ன?"

"பத்து நிமிஷம் ஆவும் சார். யாரும் எதையும் தொடாதீங்க."

கிராஃப் அம்மா மௌஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் மறுபடியும் பாயில் உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு முதலாளி காபி சொன்னார், என்னை முறைத்துக்கொண்டே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகப் பத்து நிமிஷம் ஆனதும், சரியாகிவிட்டது என்று சொன்னேன். அந்த முதலாளி அதற்கப்புறம் வருஷக்கணக்கில், நான் மாட்டிய கார்டு சொத்தை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தார். நான் மறுக்கவில்லை.

என் வீட்டம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. செவிலிமேட்டு வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். அந்த டிரைவருக்குப் பத்து நிமிஷம் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்க வேண்டும்.